ஈரம் உலர்ந்தால் ருசிக்கும் பூ
அடுப்படிக்கு வந்த காய்கள் – 12

மார்கழி மாலை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வீடு திரும்புகிறவர்களின் துணிப்பையிலிருந்து வெள்ளையாய் ஒரு பூ எட்டிப்பார்க்கும். இந்தப் பருவத்தில் தள்ளுவண்டிகளில் காலிஃப்ளவரைக் கோபுரமாக அடுக்கிவைத்து, தராசில் ஏற்றாமல் ஒன்று இவ்வளவு என்று விற்பார்கள். "ரெண்டா எடுத்துக்கம்மா, பாத்துப் போட்டுத் தர்றேன்" என்ற குரலுக்கு மயங்காதவர்கள் குறைவு. இரண்டு பூக்கள் பையில் ஏறிவிடும்.

சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான். பிள்ளைகள் கேட்பது தெருமுனை வண்டியில் கிடைக்கும் மொறுமொறு வறுவலை. அம்மா செய்தால் அது குழைந்து கூழாகிறது. இல்லையென்றால் வெளியே வெந்து உள்ளே நறுக்கென்று நிற்கிறது. குருமாவில் போட்டால் கரைந்து காணாமல் போகிறது. கூடவே அடுப்படி முழுக்க ஒரு கந்தக வாடை. "நமக்குக் காலிஃப்ளவர் சரியா வராதுங்க" என்று அதை ஒதுக்கிவிட்ட வீடுகள் பல.

கைப்பக்குவத்தைக் குறை சொல்லத் தேவையில்லை. 100 கிராம் காலிஃப்ளவரில் ஏறத்தாழ 92 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேற வழி கொடுத்தால் பூ வறுபடும், பொன்னிறமாகும், முந்திரியை நினைவூட்டும் ஓர் இனிப்பு தலைகாட்டும். வழியை அடைத்தால் அது தன் நீரிலேயே அவிந்துபோகும். இந்தக் காயை ருசியாகச் சமைக்கும் வழிகள் எத்தனை இருந்தாலும், எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் கிளை பிரிகின்றன.

வழிகளுக்குள் போகுமுன், இந்தப் பூ சிட்லபாக்கத்துக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

தென்சென்னைப் புறநகரின் ஊர்கள் ஏரிகளைச் சுற்றி எழுந்தவை. சிட்லபாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். அந்தப் பாசனமும் இங்குள்ள வெயிலும் நெல்லுக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் ஏற்றவை. காலிஃப்ளவரோ குளிர்தேசத்துப் பயிர். சகாரன்பூரில் இருந்த கம்பெனித் தோட்டத்துக்கு 1822இல் இங்கிலாந்திலிருந்து விதை வந்ததுதான் இந்தியாவில் அதன் தொடக்கம் என்று தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. வந்த விதை நம் வெயிலில் தவித்தது. வட இந்திய விவசாயிகள் ஆண்டுதோறும் சூடு தாங்கி நின்ற செடிகளிலிருந்து விதையெடுத்து விதைத்தார்கள். அப்படிப் பல தலைமுறை கடந்தபோது, இருபது டிகிரிக்கு மேலும் பூக்கட்டும் 'இந்தியக் காலிஃப்ளவர்' என்றே ஒரு தனி வகை உருவாகிவிட்டது. பூசா தீபாளி, பூசா மேக்னா போன்ற ரகங்கள் அந்த வழியில் வந்தவை.

தமிழ்நாட்டில் இது மலையேறித்தான் இறங்கியது. உதகையில் வெள்ளைக்காரர்களின் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1840களில் உதகையின் ஐரோப்பியக் குடும்பங்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி ஒரு காய்கறித் தோட்டம் நடத்தின. இன்று சுற்றுலாப் பயணிகள் மலர்க்கண்காட்சி பார்க்கக் கூடும் அரசு தாவரவியல் பூங்காவுக்கு மூலம் அந்தக் காய்கறித் தோட்டம்தான்! மலையில் விளைந்த கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு, பூக்கோசு எல்லாவற்றுக்கும் சமவெளியில் 'இங்கிலீஷ் காய்' என்றே பெயர் விழுந்தது. திவசச் சமையலில் அவற்றைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. வாழைக்காயும் பாகற்காயும் அமர்கிற இலையில் காலிஃப்ளவருக்கு இடமில்லை.

இப்போது சென்னைக்கு வரும் பூ ஓசூர், கெலமங்கலம் பகுதிகளிலிருந்தும் கர்நாடகத்தின் கோலார் பக்கத்திலிருந்தும் கோயம்பேட்டில் இறங்குகிறது. அங்கிருந்து விடியலுக்கு முன்பே குட்டியானை வண்டிகளில் ஏறி, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்கும் குரோம்பேட்டைக் கடைகளுக்கும், பிறகு தள்ளுவண்டிகளுக்கும் வந்து சேர்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கும்போது வரத்து பெருகி விலை இறங்கும். தை முடியும் வரை இதுதான் வாங்கவேண்டிய காலம்.

பூ என்று சொல்கிறோமே, அது உண்மையில் பூ இல்லை. பூவாக முயன்று முடியாமல் போன தண்டு நுனிகளின் கூட்டம். ஒவ்வொரு நுனியும் பூக்கப் பார்க்கிறது. முடியாமல் மீண்டும் தண்டாகவே கிளைக்கிறது. அந்தக் கிளையும் அதையே செய்கிறது. ஒரு சின்னக் கொத்தைப் பிய்த்துப் பார்த்தால் முழுப்பூவின் வடிவமே சிறிதாக இருப்பது இதனால்தான். பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா பார்சியும் கூட்டாளிகளும் இந்தப் புதிருக்குள் இருக்கும் மரபணு விளையாட்டை விளக்கி 2021இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சமைக்கிறவருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. மேலே இருப்பது ஆயிரக்கணக்கான இளம் நுனிகள் என்பதால் அது மிருதுவானது, மசாலாவைப் பிடித்துக்கொள்ளும், இடுக்குகளில் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். கீழே இருப்பது தண்டு. வேக நேரம் எடுக்கும். ஒரே கொத்தில் இரண்டு குணங்கள்! ஆகவே நறுக்கும்போது பூப்பக்கம் கத்தி படாமல், தண்டை மட்டும் கீறிக் கையால் பிரித்தெடுப்பது நல்லது. தண்டு நீளத்தில் ஒரு கீறல் போட்டால் இரண்டும் ஒன்றாக வேகும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம் இருக்கவேண்டும். பூ இறுகியிருக்கவேண்டும், விரல் வைத்தால் கொத்துகள் விலகக்கூடாது. லேசான மஞ்சள் பூச்சைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டியதில்லை. வயலில் இலைகளைச் சேர்த்துக் கட்டிப் பூவுக்குக் குடைபிடிப்பார்கள். அந்தக் குடை விலகி வெயில் பட்ட பூ மஞ்சளாகும், அவ்வளவுதான். கறுப்புப் புள்ளிகள்தான் பழையதற்கு அடையாளம். கடைக்காரர் இலையை வெட்டி எறியப் போனால், "அண்ணே, இலையோட குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். காரணம் கடைசியில் வரும்.

பூச்சிக்குப் பயந்து இந்தக் காயையே வாங்காதவர்கள் இருக்கிறார்கள். பயம் நியாயமானது. வைரமுதுகு அந்துப்பூச்சி என்ற சின்னஞ்சிறு பூச்சியின் பச்சைப் புழுவுக்குக் காலிஃப்ளவர் தின்பண்டம். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு கைப்பிடி கல்லுப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் போட்டு, பிரித்த கொத்துகளைத் தலைகீழாக அமிழ்த்த வேண்டும். மூன்று நிமிடம் போதும். புழு இருந்தால் வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் ஊறவிடுவதும் அடுப்பிலேயே கொதிக்கவிடுவதும்தான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை. அங்கேயே பாதி வெந்து, இடுக்கெல்லாம் நீர் நிறைந்து, பிறகு எந்த எண்ணெயிலும் மொறுமொறுப்பு வராது. இன்னொன்று: இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல தெருக்களில் கடினநீர். அதில் வெள்ளைக் காய் மஞ்சளாகும். குருமாவுக்கு வெண்மை வேண்டுமென்றால் மஞ்சளைத் தவிர்த்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம்.

வடித்ததும் பழைய வேட்டித் துணியில் தலைகீழாகப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். சமையல் குறிப்புகள் பெரும்பாலும் இந்த அரைமணியைச் சொல்வதில்லை. ஆனால் வறுவலின் வெற்றியில் பாதி இந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

முதலில் மிளகு வறுவல். இதற்கு வாணலியைவிட இரும்புத் தோசைக்கல் சிறந்தது. வாணலியின் குழியில் கொத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கீழே இருப்பதன் ஆவியில் மேலே இருப்பது அவியும். தோசைக்கல்லில் ஒவ்வொரு துண்டும் இரும்பைத் தொடும். ஒரு நடுத்தரப் பூவுக்கு மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெய். கல் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை, வெட்டுப்பட்ட பக்கம் கீழே இருக்கும்படி இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். நான்கு நிமிடம் கரண்டி படக்கூடாது, மூடி போடக்கூடாது, உப்பு போடக்கூடாது. உப்பு முந்திக்கொண்டால் நீரை வெளியே இழுத்துக் கல்லை நனைத்துவிடும். நனைந்த இடத்தில் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. நீர் போன இடத்தில்தான் 140 டிகிரிக்கு மேல் ஏறி, காயின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறி, அந்த வறுத்த வாசம் பிறக்கும். தோசை முறுகுவதும் அப்பளம் சிவப்பதும் இதே கணக்கில்தான்.

அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டு மூன்று நிமிடம். பிறகு ஓரமாக ஒதுக்கி, நடுவில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, சோம்பு, தட்டிய ஆறு பல் பூண்டு, இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலை. கடுகும் காலிஃப்ளவரும் ஒரே குடும்பம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முள்ளங்கி, நூல்கோல், முட்டைக்கோசு எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த லேசான காட்டமும் அவற்றுக்குப் பொது. கடுகு தாளிப்பு இந்தக் காயோடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். எல்லாவற்றையும் புரட்டி, உப்பும் கொரகொரப்பாகப் பொடித்த ஒன்றரைத் தேக்கரண்டி மிளகும் தூவி இறக்கவேண்டும். ரசம் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை பனிக்காலத்தில் கிடைப்பது அரிது.

அடுத்து, பிள்ளைகள் கேட்கும் அந்தச் சிவப்பு.

கதை மும்பையில் தொடங்குகிறது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டவருக்காக இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் வதக்கி, கரம் மசாலா சேர்க்காமல் சோயா சாஸ் ஊற்றி, சோள மாவில் கெட்டிப்படுத்திக் கொடுத்த கோழிக்குத்தான் 'மஞ்சூரியன்' என்று பெயர் வந்தது. சைவம் சாப்பிடும் கூட்டத்துக்காகக் கோழியின் இடத்தில் காலிஃப்ளவர் வந்து உட்கார்ந்தது; கோபி மஞ்சூரியன் நாடெங்கும் பரவியது. சென்னையில் அதற்கு இணையாக ஓடியது '65'. மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலின் சிக்கன் 65 வழியில் காலிஃப்ளவர் 65, சில்லி காலிஃப்ளவர் என்று தள்ளுவண்டிகள் பெருகின. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் எண்ணெய்ச் சட்டி கொதிக்காத முனை குறைவு.

உழைத்துப் பிழைக்கும் வண்டிக்காரர் மீது கோபம் கொள்ள ஒன்றுமில்லை. கவலை நிறத்தின் மீதுதான். 2024 தொடக்கத்தில் கோவாவின் மாபுசா நகராட்சி கோபி மஞ்சூரியன் கடைகளுக்கே தடை போட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. மார்ச் 11ஆம் தேதி கர்நாடகம், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்கள் சேர்க்கத் தடை விதித்தது. அங்கே எடுத்துச் சோதித்த 171 மஞ்சூரியன் மாதிரிகளில் 107இல் பாதுகாப்பற்ற செயற்கை நிறங்கள் இருந்தன. ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். பிள்ளையின் தட்டில் அதற்கு வேலையே இல்லை.

நிறம் வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் இருக்கிறது. காரம் குறைவு, சிவப்பு அதிகம். உலர்த்திய அரைக்கிலோ கொத்துகளுக்கு இரண்டு தேக்கரண்டி காஷ்மீரித் தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சிபூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி கெட்டித் தயிர், உப்பு. இவற்றைப் புரட்டிப் பத்து நிமிடம் வைத்து, பொரிக்கும் நேரத்தில் மூன்று மேசைக்கரண்டி சோள மாவும் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் தூவவேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது; தேவையானால் தெளிக்கலாம். பஜ்ஜி மாவுபோல் வழிந்தால் மாவுதான் பொரியும், காய் வேகாது. அரிசி மாவு மொறுமொறுப்பைத் தாங்கிப் பிடிக்கும். மைதா கூடினால் எண்ணெய் குடித்துச் சீக்கிரம் தொய்ந்துபோகும்.

பொரிப்பது இரண்டு முறை. முதலில் நடுத்தரச் சூட்டில் நாலைந்து துண்டாக, வெளிர் நிறத்தில் எடுத்துவிடுவது. ஐந்து நிமிடம் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மேல்தோலுக்கு வரும். இரண்டாம் முறை நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு நிமிடம் போட்டால் அந்த ஈரமும் போய்விடும். கடைசியில் கறிவேப்பிலையும் கீறிய பச்சைமிளகாயும் அதே எண்ணெயில் பொரித்து மேலே போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்துப் பாருங்கள். வண்டிக்கு ஓடும் பிள்ளை தட்டோடு அடுப்படியில் நிற்கும்.

குருமா செய்கிறவர்கள் வரிசையை மட்டும் மாற்றினால் போதும். காலிஃப்ளவரை மசாலாவோடு சேர்த்துக் குக்கரில் விசில் விடாதீர்கள். இந்தக் காயில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. வேக வேக அவை உடைந்து அந்த அழுகிய முட்டை வாடை ஏறிக்கொண்டே போகும். தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா அரைத்த மசாலா தனியே கொதித்துப் பச்சை வாசம் போகட்டும். தோசைக்கல்லில் சிவக்கவிட்ட கொத்துகளை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சேர்த்தால் வாடையும் வராது, பூவும் முழுசாக நிற்கும். இடியாப்பத்துக்கு ஊற்றும்போது தட்டில் பூ தெரியும்.

பொடிமாஸ் இன்னும் சுலபம். பூவைத் துருவி, அகன்ற வாணலியில் வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி தாளித்து, பெரிய தீயில் ஆறு நிமிடம் கிளறினால் உதிரி உதிரியாக வரும். தேங்காய்த்துருவல் தூவி இறக்கலாம். முட்டை பிடிக்கிறவர்கள் இரண்டு உடைத்து ஊற்றிக்கொள்ளலாம். காலையில் அவசரமாக டப்பா கட்டும் வீட்டுக்குச் சப்பாத்தியோடு இது கைகொடுக்கும்.

இனி இலை.

ஒரு காலிஃப்ளவரை வாங்கி நாம் எறிவது கொஞ்சமல்ல. சுற்றியிருக்கும் இலையும் நடுத்தண்டும் சேர்த்தால் பூவுக்கு ஈடாகக் கனக்கும். அவ்வளவும் தாம்பரம் மாநகராட்சியின் குப்பை வண்டிக்குப் போகிறது, ஓசூரிலிருந்து டீசல் செலவழித்து வந்த காயின் பாதி! ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுப் பட்டியலில் காலிஃப்ளவர் இலை, கீரைகளோடு கீரையாகத் தனி இடம் பெற்றிருக்கிறது. சுண்ணாம்புச் சத்தில் பூவைவிட இலைதான் உயர்ந்தது. தண்டோ, தோலைச் சீவிவிட்டால் நூல்கோலின் தங்கை. அதே இனிப்பு, அதே கடிபதம். விரல்நீளத் துண்டுகளாக்கி முருங்கைக்காய்க்குப் பதில் சாம்பாரில் போடலாம். சின்னச் சதுரமாக நறுக்கிப் பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டால் கூட்டு.

வெளியிலை முரடாக இருக்கும், அதை விட்டுவிடலாம். உள்ளே பூவை அணைத்துக்கொண்டிருக்கும் வெளிர்பச்சை இலைகள் துவையலுக்கென்றே பிறந்தவை. இரண்டு கைப்பிடி இலையை நன்றாகக் கழுவிப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு தேக்கரண்டி உளுத்தம்பருப்பையும் நான்கு காய்ந்த மிளகாயையும் சிவக்க வறுத்துத் தனியே எடுத்து, ஒரு சிட்டிகைப் பெருங்காயம் பொரித்து, அதே வாணலியில் இலையை வதக்கவேண்டும். இங்கேயும் மூடி வேண்டாம். நிறைந்திருந்த வாணலியில் இலை சுருண்டு அடங்கி, ஈரம் வற்றி, ஓரங்கள் லேசாக முறுகும்வரை எட்டு நிமிடம் ஆகும். கோலிக்குண்டு அளவு புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், உப்பு சேர்த்து, முதலில் பருப்பையும் மிளகாயையும் கொரகொரப்பாக்கிவிட்டு, இலையைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று மட்டும். தண்ணீர் விடாமல் அரைத்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். சூடான சாதம், நல்லெண்ணெய், இந்தத் துவையல், ஓரத்தில் சுட்ட அப்பளம்.

அடுத்த வாரம்: பரங்கிக்காய்.